வளர்மதி சொன்ன விலை

அந்த மூட்டை மேல உக்காராத ஆயி. அது வேற ஆளு சரக்கு, வந்தான்னா காது கிழியக் கத்துவான். இங்க வா, என் மூட்டை மேல உக்காரு. நாப்பத்தோரு மூட்டை இருக்கு, எதுல வேணா உக்காரு. மக்காச்சோளந்தான், மெத்துன்னு இருக்காது. ஆனா எந்திரின்னு சொல்ல ஆளு கிடையாது.

சின்னப் பொண்ணா இருக்க, இந்தக் கவருமெண்டு ஏலக்கூடத்துக்கு மொதத் தடவையா விக்க வர்றியா? அதான், மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. எத்தனை மூட்டை? பன்னெண்டா. சரி. அந்த மேசையில ஒரு நம்பரு சீட்டுக் குடுத்தாங்கல்ல, அத மூட்டை மேல சொருகி வையி. இப்ப யாவாரிங்க வருவாங்க. சாக்குக்குள்ள கைய விட்டு அள்ளுவாங்க, ஒரு மணியப் பல்லுல வச்சுக் கடிப்பாங்க, ஒன்னும் பேச மாட்டாங்க. எழவு வீட்டுக்கு வந்த மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போயிருவாங்க. அப்புறம் ஆளுக்கொரு சீட்டுல விலைய எழுதி அதோ அந்தப் பச்சைப் பொட்டியில போடுவாங்க. ஒருத்தரு எழுதுனது இன்னொருத்தருக்குத் தெரியாது. ரெண்டு மணிக்குத் தொறப்பாங்க. எது ஒசத்தியோ அது உன் விலை. புடிச்சா கையெழுத்துப் போடு. புடிக்கலையா, வேணாம்னு சொல்லிட்டு அடுத்த புதன்கிழமைக்கு வச்சுக்க. அந்த உரிமை நமக்கு இருக்கு, சட்டத்துலயே இருக்கு. நான் மூனு புதன்கிழமை வேணாம்னு சொல்லியிருக்கேன். இது நாலாவது.

அப்புடிப் பாக்காத. நான் ஒன்னும் போக்கிடம் இல்லாம இங்க கெடக்கல. எனக்கு வீடு இருக்கு, புருசன் இருக்காரு, மூனு ஏக்கரு கரிசக்காடு இருக்கு. இங்க வெவசாயிங்க தங்குறதுக்கு ரூம்பு இருக்கு, காத்துக்குப் பேன் இருக்கு, எதுத்தாப்புல இட்டிலிக் கடை இருக்கு. எனக்கு என்ன கொறை? ஊருக்குப் போக முடியாது, அது ஒன்னுதான்.

ஏன்னா கேக்குற? சொல்றேன். எனக்கு ஒரு ஓரகத்தி இருக்கா. பேரு வளர்மதி. எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. ஒரே தெரு, ஒரே களம். களத்துல காய வைக்கிறதுக்கு மொற வச்சிருக்கோம், ஒரு வருசம் அவ மொதல்ல, மறு வருசம் நான் மொதல்ல. இந்த வருசம் அவ மொற. ஒம்போது நாளு காய வச்சா ஆயி! ஒம்போது நாளு! சோளத்தக் காய வச்சாளா, வத்தல் போட்டாளா தெரியல. நான் கதிரு அடிச்சு வச்சிட்டுக் காத்துக் கெடக்கேன். என் மொற வர்றதுக்குள்ள பனி பெஞ்சு தொலைஞ்சுது. நான் மூனே நாளு காயப் போட்டு அள்ளிட்டேன். போதும், மூனு நாளு போதும். இங்க ஈரம் பாக்குற மிசினு வச்சிருக்காங்க பாரு, அது பொய் சொல்லுது. அது ஆபீசருங்க மிசினு, அப்புடித்தான் சொல்லும்.

அவ வித்துட்டா. களத்துக்கே வர்ற யாவாரிகிட்டப் போட்டுட்டா. மறுநாள் கொழாயடியில நிக்கிறோம், நான், அவ, பக்கத்து வீட்டுப் பெருமாயி. பெருமாயி கேக்குறா, ஏன்டி வளரு, என்ன வெல போச்சுன்னு. இவ கொடத்தத் தூக்கி இடுப்புல வச்சிக்கிட்டுச் சொல்றா, குவிண்டாலு ரெண்டாயிரத்து முன்னூத்தம்பதுன்னு. பெருமாயி முந்தானைய வாயில வச்சிக்கிட்டுச் சிரிச்சா. என்னப் பாத்துத்தான் சிரிச்சா. எனக்கு உச்சந்தலையில சுர்ருன்னு ஏறிருச்சு. கொடத்த நங்குன்னு வச்சேன். வளர்மதி வித்த வெலைக்கு மேல ஒரு ரூவா வாங்கிட்டுத்தான்டி நான் இந்தத் தெருவுல மறுபடி காலு வைப்பேன்னு சொன்னேன். சும்மா இல்ல, கொழாய் மேல அடிச்சுச் சொன்னேன். தெருவே பாத்துச்சு.

அவ்வளவுதான். வாய் விட்ட வார்த்தை. நுணலும் தன் வாயால் கெடும்னு எங்க வீட்டுக்காரரு மெல்லச் சொன்னாரு. அந்த மனுசன் வருசத்துக்கு ஒரு வார்த்தை பேசுவாரு, அதையும் என்னை வையிறதுக்குன்னே பத்திரமா வச்சிருப்பாரு.

என்ன சிரிக்கிற? விக்கிறதுக்கு வேற வழியே இல்லையாங்குறியா? வழிக்கு என்ன பஞ்சம், ஆயிரம் வழி இருக்கு. ஒவ்வொரு வழியிலயும் ஒருத்தன் உக்காந்திருக்கான். களத்துக்கு வர்ற யாவாரி மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிவுன்னு எடுத்துக்குவான். எதுக்குடா கழிவுன்னா சாக்கு எடைங்குறான். சாக்கு முக்கால் கிலோ, மிச்சம் உங்கப்பன் எடையாடான்னு கேட்டேன். அன்னையிலேருந்து அவன் வண்டி என் பக்கம் திரும்புறதில்ல. சரி, நாமக்கல் பக்கம் கோழித்தீவன மில்லு இருக்கு, அங்க நல்ல வெல. ஆனா லாரி நெறைய வந்தாத்தான் கேட்டத் தொறப்பான். நாலு வீடு சேந்தா ஒரு லாரி ரொம்பும்னு வளர்மதி விக்கிறதுக்கு முன்னாடியே பேசுனோம். பெருமாயி சரின்னா. வளர்மதியும் சரின்னுதான் சொன்னா, அவதான் மொதல்ல சொன்னா. அவ சரக்கோட என் சரக்கக் கலக்குறதா? முடியாதுன்னுட்டேன். லாரியும் வரல. அப்புறம் எங்க ஊருல வெவசாயிங்க கம்பெனின்னு ஒன்னு ஆரம்பிச்சாங்க, ஆயிரம் ரூவா பங்கு கட்டிச் சேந்தேன். சரக்க எடுத்துக்குவாங்க, அவுங்க வித்தப்புறந்தான் நமக்குக் காசு. எப்ப விப்பீங்கன்னு கேட்டா மார்க்கெட்டு நிலவரம் பாக்கணும்மாங்குறான் அந்த மேனேஜரு. நெலவரத்த நான் பாக்க மாட்டனா? மூட்டைய அங்கேருந்தும் திருப்பித் தூக்கிட்டு வந்துட்டேன். ஏத்துக்கூலி எறக்குக்கூலி எல்லாம் என் தலையில.

ஆக, இங்க வந்து சேந்தேன். வந்த மொத வாரமே எனக்கு ரெண்டாயிரத்து எரநூத்தி அறுவது விழுந்துச்சு. அன்னிக்கு இந்தக் கூடத்துலயே என் வெலதான் ஒசத்தி. மேற்பார்வையாளரு கூட, போடுங்கம்மா கையெழுத்து, நல்ல வெலைன்னாரு. முன்னூத்தம்பத்தொன்னுக்குக் கொறைஞ்சா வேணாங்க சாருன்னு சொல்லிட்டேன். அவரு பேனாவ மூடிட்டாரு. அடுத்த வாரம் எரநூத்திப் பதினஞ்சு. அதுக்கடுத்த வாரம் நூத்தம்பது. இவனுங்க சேந்து பேசிக்கிட்டு எறக்குறானுங்க. நான் வேணாம்னு சொன்னேன்ல, அந்தக் கோவம்.

அது மாவு இல்ல ஆயி. அது தூசி. சாக்குல தூசி இருக்கத்தான் செய்யும். வண்டு ஒன்னு ரெண்டு இருக்கும், சோளம்னா வண்டு இருக்காதா? எங்க ஊருல கல்யாணச் சோத்துல கூடத்தான் வண்டு இருக்கும்.

உங்க ஊருல எப்புடி, வித்த வெலைய உள்ளபடி சொல்லுவீங்களா? எங்க ஊருல அந்தப் பழக்கமே கெடையாது. வித்தா நூறு கூட்டிச் சொல்லுவோம், வாங்குனா நூறு கொறைச்சுச் சொல்லுவோம். போன வருசம் நான் ஆயிரத்து தொள்ளாயிரத்துக்குப் போட்டுட்டு ரெண்டாயிரம்னேன். பெருமாயி என்ன நம்புனாளா? கேக்கும்போதே மனசுக்குள்ள நூறக் கழிச்சுக்கிட்டா. ஊரே அப்புடித்தான். அது பொய்யின்னு சொல்ல முடியாது, எல்லாருக்கும் தெரிஞ்சது எப்புடிப் பொய்யாகும்? வெளியூருக்காரனுக்குத்தான் புரியாது. வளர்மதி வந்த புதுசுல அவளுக்கும் புரியல. அவ தொறையூருப் பக்கம். மொத வெள்ளாமைய வித்துட்டு உள்ளத உள்ளபடி சொல்லிட்டா. எல்லாரும் அதுலயும் நூறக் கழிச்சிட்டு, ஐயோ புள்ளைய யாவாரி ஏமாத்திட்டான்னு ஒரு வாரம் சிரிச்சாங்க. பாவம், அழுதா.

என்ன கேக்குற? அப்ப அந்த முன்னூத்தம்பது உள்ள வெலதானான்னா? இந்தா பாரு, அவ மேல நான் ஆயிரம் குத்தம் சொல்லுவேன். ஒம்போது நாளு களத்தப் புடிச்சுக்கிட்டா. என் மாமியாரு காதுத் தோட்ட வாங்கிக்கிட்டா. என் புருசன் அவ சமைச்சா ரெண்டு சோறு கூடத் திங்கிறாரு. ஆனா பொய் சொல்றவன்னு மட்டும் சொல்ல மாட்டேன். அவளுக்குப் பொய் வராது. நாக்கு சிக்கிக்கும். பதினெட்டு வருசமாப் பாக்குறேன்.

இங்கயும் வந்தாளே. ரெண்டாவது புதன்கிழமை முடிஞ்ச மறுநாளு, கருவாட்டுக் கொழம்பு தூக்குச்சட்டியில எடுத்துக்கிட்டு, ரெண்டு பஸ்ஸு மாறி. நீ இப்ப உக்காந்திருக்கியே, அந்த மூட்டை மேலதான் உக்காந்தா. அக்கா, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும், நீங்க கோவப்படக் கூடாதுன்னா. நீ ஒன்னும் சொல்லவும் வேணாம், நான் ஒன்னும் கேக்கவும் வேணாம், சட்டிய வச்சிட்டுப் போன்னேன். இல்லக்கா, அந்த வெலையப் பத்தின்னு ஆரம்பிச்சா. வெலையப் பத்தி என்கிட்டயே பேச வந்துட்டியான்னு போட்டேன் ஒரு சத்தம். கூடமே திரும்பிப் பாத்துச்சு. கண்ணு கலங்கிப்போச்சு அவளுக்கு. நடிப்பு. ஜெயிச்சவ வந்து அழுதா அது நடிப்பு இல்லாம என்ன? கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு, அது வேற விசயம்.

இரு, இரு, யாவாரி வர்றான். அந்தத் தங்கப்பல்லுக்காரன். பேசாம இரு... பாத்தியா, உன் சோளத்தக் கடிச்சிட்டுத் தலைய ஆட்டுறான். உன் வீட்டுல எத்தனை நாளு காய வச்சீங்க? எட்டு நாளா. ம். இப்ப என்னுதப் பாக்குறான் பாரு. கைய விட்டவன் வெளிய எடுத்துக் கைய ஒதறுறான். வேட்டியில தொடைக்கிறான். யோவ், அது தூசிய்யா!

அவன் கெடக்கான். நான் உனக்குச் சொல்ல வந்தது வேற. ஞாயித்துக்கெழமை எங்க பக்கம் மழை. நல்ல உழவு மழை. மாசிக் கடைசியில இப்புடி ஒரு மழை பெஞ்சு எத்தனை வருசமாச்சு. ஊரே ஏரு பூட்டிருச்சு, டிராக்டரு நிக்க நேரமில்லாம ஓடுதாம். எல்லாரும் எள்ளு வெதைக்கிறாங்க. எங்க வீட்டுக்காரரு போன் பண்ணாரு. வந்துரு அமராவதி, ஈரம் காயுதுன்னாரு. வேற ஒன்னும் சொல்லல. நேத்துப் பண்ணி மறுபடியும் அதேதான், ஈரம் காயுது. வெத வாங்க, உழவுக்குக் குடுக்க அவருகிட்ட ஒத்தப் பைசா கெடையாது, எல்லாம் இந்த நாப்பத்தோரு சாக்குக்குள்ள இருக்கு. கரிசமண்ணு எப்புடின்னு உனக்குத் தெரியுமா? இன்னிக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும். நாளை மறுநாளு போனா ஏர்க்கொழு எறங்காது. எங்க காடு ஒன்னுதான் வெறுங்காடா கெடக்கு. ராவெல்லாம் கண்ணு மூடல. எழுந்து போவோம்னு பாத்தா அந்தக் கொழாயடி கண்ணுக்குள்ள வந்து நிக்குது. பெருமாயி வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறா.

அதுல இன்னொன்னு. பெருமாயியும் இன்னும் விக்கல. பதினஞ்சு மூட்டைய வீட்டுக்குள்ளயே அடுக்கி வச்சிட்டு உக்காந்திருக்கா. அமராவதி என்ன வெலைக்குப் போடுறான்னு பாத்துட்டுத்தான் நான் கொண்டு போவேன்னு சொல்லிட்டாளாம். கெட்டிக்காரி. என் தலைய விட்டு ஆழம் பாக்குறா.

இரு, மேற்பார்வையாளரு வர்றாரு. வாங்க சாரு. இது விக்க வந்த பொண்ணு, புதுசு. ஆமாங்க, நாலாவது வாரந்தாங்க. தெரியுங்க. இன்னியோட கெடங்கக் காலி பண்ணணுமா? வண்டு அடுத்தவங்க சரக்குக்கு ஏறுதா? யாரு சாரு சொன்னா? சரி. சரிங்க. இன்னிக்கு முடிச்சிர்றேங்க.

கேட்டியா? இன்னிக்கு வித்தா உண்டு, இல்லேன்னா நாப்பத்தோரு மூட்டையத் தூக்கிக்கிட்டுத் தெருவுல நிக்கணும். எங்க ஊருத் தெருவுக்குள்ளயும் நுழைய முடியாது.

மணி அடிக்கிறாங்க. பொட்டியத் தொறக்குறாங்க பாரு. உன் நம்பரு என்ன? காதக் குடுத்துக் கேளு... ரெண்டாயிரத்து நூத்தித் தொண்ணூறா! உனக்கா? சரக்கு நல்ல சரக்குத்தான். ஆனா ஆயி, கையெழுத்துப் போட்டுறாத. நான் சொல்றதக் கேளு, அடுத்த வாரம் ஏறும். எங்க போற? நில்லு. ஏ பொண்ணே...

போட்டுட்டியா? அவ்வளவு சீக்கிரமாவா? ஒரு வார்த்தை யாருகிட்டயும் கேக்கல. உன் வீட்டுல, ஊருல, என்னம்மா இந்த வெலைக்குப் போட்டேன்னு கேக்க மாட்டாங்களா? கேட்டா இதையே சொல்லுவியா? சரிதான்.

என் நம்பரு. என் நம்பருதான் கூப்புடுறாரு.

ரெண்டாயிரத்து எம்பத்தஞ்சு.

கொஞ்சம் தண்ணி குடு ஆயி. ரெண்டாயிரத்து எம்பத்தஞ்சு. இதுக்காடி அமராவதி, ஒரு மாசம் இட்டிலிக் கடைச் சட்டினியத் தின்னுட்டுக் கெடந்த. இதுக்கா. நான் அழல. அழுதா என்ன இப்போ, என் சோளம், நான் அழுறேன்.

குடுங்க சாரு பேனாவ. எங்க போடணும்? போட்டுட்டேன்.

முடிஞ்சிது. எழுந்திரு, இனிமே இது நம்ம மூட்டை இல்ல. வா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சேந்து போவோம், வழியில வெதக்கடை இருக்கு. எள்ளு வாங்கிக்கிட்டு இந்தப் பஸ்ஸப் புடிச்சா வெளிச்சத்தோட போயிரலாம். டிராக்டருக்குச் சொல்லிட்டா காலையில உழுதுரலாம். ஈரம் நாளைக்கு நிக்கும். நிக்கணும்.

தெருவுல எப்புடிக் காலு வைப்பேன்னு யோசிக்கிறியா? நான் யோசிச்சிட்டேன். ரெண்டாயிரத்து முன்னூத்தம்பத்தொன்னு. அப்புடித்தான் சொல்லப்போறேன். எங்க ஊரு வழக்கந்தானே, வித்தா கூட்டிச் சொல்றது. நூறுக்குப் பதிலா கொஞ்சம் தாராளமாக் கூட்டிட்டேன், அவ்வளவுதான். இத ஏன் மொத வாரமே செய்யலைங்குறியா? தோணல ஆயி. சத்தியமாத் தோணல.

போன் அடிக்குது. அவதான். பாரு, எப்படா முடியும்னு கடியாரத்தப் பாத்துக்கிட்டே இருந்திருக்கா. ஆங், வளரு. ஆமா, முடிஞ்சிருச்சு. வெலையா? ரெண்டாயிரத்து முன்னூத்தம்பத்தொன்னு. ஆமா. அம்பத்தொன்னு. ஆங்? ஆங். சரி. வர்றேன். வைக்கிறேன்.

அப்பாடி, ஜெயிச்சிட்டீங்கக்கா, வீட்டுக்கு வாங்கன்னா. ஒரு பேச்சு வேற பேசல. எப்புடிக்கா அவ்வளவு வெலன்னு கேக்கல. யாருக்குக்கா போட்டீங்கன்னு கேக்கல. அழுறா, போன்லயே அழுறா. நம்பிட்டாளாம். எங்க ஊருல வித்த வெலையச் சொன்னா நம்புற ஆளு ஒருத்தரு கெடையாது ஆயி. எல்லாரும் நூறக் கழிச்சிட்டுத்தான் காதுலயே வாங்குவாங்க.

இரு. அந்தக் கல்லுல கொஞ்சம் உக்காருவோம்.

அவ சொன்னது முன்னூத்தம்பது. அவளும் கூட்டித்தான் சொல்லியிருக்கா, நூறக் கழி. எரநூத்தம்பது. மொத வாரம் எனக்கு விழுந்தது எரநூத்தி அறுவது.

அதான் பெருமாயி சிரிச்சா. என்னப் பாத்து இல்ல. ஊருல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. அதச் சொல்லத்தான் ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கா. நான் சொல்ல விடல.

உன்கிட்ட ஒன்னு சொல்லல நான். அவ வந்த புதுசுல ஊரே சிரிச்சப்ப அழுதான்னேன்ல, அன்னிக்கு அவளக் கூட்டிக்கிட்டுப் போயி அடுப்படியில உக்கார வச்சிச் சொல்லிக் குடுத்தது நான்தான். கூட்டிச் சொல்லுடி, இங்க அப்புடித்தான், நாக்கு சிக்காம சொல்லிப் பழகுன்னு சொன்னேன். பத்துத் தடவை சொல்ல வச்சேன். அப்புறம் நானே மறந்துட்டேன். ஊருல நூறு கழிக்காம அவள நம்புனது நான் ஒருத்திதான்.

சரி, எந்திரி. எள்ளுக்குப் போவோம், கடைய மூடிருவான். ஆனா ஆயி, நான் ஊருக்குள்ள போனதும் மொதல்ல எதுத்தாப்புல வர்றது பெருமாயிதான். பதினஞ்சு மூட்டைய வீட்டுக்குள்ள வச்சிக்கிட்டு என்ன வெலன்னு கேப்பா. முன்னூத்தம்பத்தொன்னுன்னு சொன்னா, நூறக் கழிச்சாலும் எரநூத்தம்பத்தொன்னு. அந்த வெல இப்ப எந்தக் கூடத்துலயும் இல்ல. அவ அதுக்குன்னு மூட்டையத் தூக்கிக்கிட்டு இங்கதான் வந்து உக்காருவா, அந்த ரூம்புல, அந்தப் பேனுக்குக் கீழ. உள்ளதச் சொன்னா நான் தெருவுல காலு வைக்க முடியாது.

நீ உள்ளபடி சொல்ற ஊருக்காரியாச்சே. நீ சொல்லு, அவகிட்ட நான் என்ன வெலன்னு சொல்ல?